ஐந்தாவது இலக்கமும் நான்கு டயர்களும்

இலக்கம்மா என்று பெயர் வைத்தது யார் என்று துறைமுகத்தில் கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் "நான்தான்" என்று கையைத் தூக்குவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் வெயில் படாமல் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி கப்பல் கம்பெனிக்காரர் முதல் கேன்டீனில் டீ ஆற்றுபவர் வரை எல்லோருக்கும் அவள் இலக்கம்மாதான்.

சுங்க அட்டவணை என்று ஒரு புத்தகம் உண்டு. கனம் என்றால் அப்படி ஒரு கனம். ஒருமுறை காற்றில் அலுவலகக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறதென்று அதை எடுத்து முட்டுக் கொடுத்தார்கள். அன்று வந்த புயலில் கூரை போனது, கதவு போகவில்லை. அந்தப் புத்தகத்தில் உலகத்துச் சாமான் அத்தனைக்கும் ஓர் எண் இருக்கிறது. ஊசிக்கு உண்டு, ஒட்டுமுடிக்கு உண்டு, கல்லறையில் நடுகிற கல்லுக்கும் உண்டு. கப்பலில் வந்து இறங்கும் சரக்கு எந்த எண்ணில் அடங்கும் என்று பார்த்து இறக்குமதிப் பத்திரத்தில் எழுதுவது, ஓர் இறக்குமதி முகவர் கம்பெனியில் இலக்கம்மாவின் வேலை. எண் தப்பினால் வரி தப்பும். வரி தப்பினால் எழுதியவர் தலை தப்பாது.

இருபத்திரண்டு வருஷம் இதையே செய்தால் மனுஷிக்கு என்ன ஆகும்? வீட்டிலும் கை சும்மா இருக்காது. தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிற கணவரை அவள் 'பழைய இயந்திரம், நல்ல நிலை, உதிரி பாகம் கிடைக்காது' என்று வகைப்படுத்தி வைத்திருந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குக் கிடைத்தது, 'இதர, வேறெங்கும் குறிப்பிடப்படாதவை'. இது காதில் விழுந்து நாத்தனார் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான்காம் நாள், பல் பிடுங்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணி என்னை எந்தக் கணக்குலயும் அடக்க முடியலன்னு சொல்லிட்டாங்க" என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

இவ்வளவு இருந்தும் இலக்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. எண் அவளுடையது, கையெழுத்து முதலாளியுடையது. மரவட்டை ஊர்ந்து போனதுபோல முதலாளி ஒரு கோடு இழுப்பார், பத்திரம் செல்லும். போன வருஷம் அவருக்கு இரண்டு முழங்காலும் மக்கர் செய்து, மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். "நீ முகவர் உரிமம் வாங்கினா கம்பெனியை நீயே நடத்து. இல்லேன்னா பூட்டிட்டுச் சாவியைக் கடல்ல போட்டுட்டுப் போறேன்" என்றார்.

உரிமத் தேர்வில் இலக்கம்மா நான்கு முறை விழுந்தவள். எழுத்துத் தேர்வில் இல்லை, வாய்மொழித் தேர்வில். கேட்கிறவர் ஒரு கேள்வி கேட்டால் இவள் பதிலோடு அந்தக் கேள்வியில் உள்ள தப்பையும் சேர்த்துச் சொல்லுவாள். ஐந்தாம் முறை வாயைக் கட்டிக்கொண்டு போனாள். "பொம்மை ரயில், பூங்காவில் ஓடும் ரயில், நிஜ ரயில், மூணும் எங்கே வரும்?" என்றார்கள். முதல் இரண்டும் தொண்ணூற்று ஐந்து, மூன்றாவது எண்பத்தாறு என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். தேறிவிட்டாள்.

உரிமம் வந்தது, கூடவே ஒரு கொக்கியும் வந்தது. முதல் வருஷம் சோதனைக் காலம். அவள் கையெழுத்திட்ட பத்திரத்தில் ஒரே ஒரு தப்பை அதிகாரி கண்டுபிடித்தாலும் உரிமம் போய்விடும். உரிமம் போனால் கம்பெனிக்குப் பூட்டு.

அப்படி இருக்கையில் முதல் பத்திரமாக என்ன வர வேண்டும்? குடை வரலாம், குண்டூசி வரலாம். வந்தது ரயில் இன்ஜின்.

கொண்டுவந்தவர் ஒரு கோதுமைக் கிடங்கின் மேலாளர். கிடங்குக்குள் ரயில் பெட்டிகளை இழுத்து வரிசைப்படுத்த ஒரு சின்ன இன்ஜின் வேண்டும். பழையது மூச்சை நிறுத்திவிட்டது. நாற்பது பெட்டிக் கோதுமை பாதை நடுவே நிற்கிறது. "பேட்டரி இன்ஜின்மா. புகை கிடையாது, சத்தம் கிடையாது. சீக்கிரம் எண்ணைப் போட்டுக் குடுங்க" என்று நூற்று நாற்பது பக்க விளக்கப் புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

"பேட்டரி மட்டுமா, மேல கம்பியும் தொடுமா?" என்றாள் இலக்கம்மா.

"அது எதுக்கு?"

"எதுக்கா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்று அவர் கற்றுக்கொண்டது இது. முதல் இரண்டு இலக்கம் எண்பத்தாறு என்றால் ரயில் சாமான். அடுத்த இரண்டு பூஜ்யம் ஒன்று என்றால் மின்சாரத்தில் ஓடும் இன்ஜின். ஐந்தாவது இலக்கத்தில்தான் சண்டையே. மின்சாரத்தை வெளியே கம்பியிலிருந்து வாங்கி ஓடினால் ஒன்று, தன் வயிற்றில் பேட்டரி வைத்துக்கொண்டு ஓடினால் இரண்டு.

விளக்கப் புத்தகத்தின் முப்பத்து மூன்றாம் பக்கத்தில் இன்ஜினின் கூரைமேல் ஒரு கை இருந்தது. விரும்பினால் பொருத்திக்கொள்ளலாமாம். அந்தக் கை கம்பியைத் தொட்டு ஓடுவதற்கா, நின்ற இடத்தில் பேட்டரிக்கு ஊட்டுவதற்கா? இலக்கம்மா தயாரித்தவர்களுக்குக் கடிதம் எழுதினாள். பதில் வந்ததும் அந்தப் பதிலில் சந்தேகம் கேட்டு இன்னொன்று எழுதினாள். மேலாளரைத் தினம் இரண்டு வேளை போனில் பிடித்தாள். ஒருநாள் காலைச் சாப்பாட்டில் கணவரிடம்கூடக் கேட்டாள்.

"வீட்டிலேர்ந்து சாப்பாடு கட்டிட்டுப் போற ஆள், வழியில டீக்கடையில நின்னு ஒரு டீ குடிக்கிறார். அவரை வெளியில சாப்பிடுறவர்னு சொல்லலாமா?"

"என்னைத்தானே சொல்றே? ஒரே ஒரு டீதான் குடிச்சேன். யார் சொன்னா?" என்றார் அவர்.

"அண்ணா, வடிவேலு மாதிரி நீயே மாட்டிக்காதே" என்று சொல்ல வாயெடுத்த நாத்தனார், அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு டீ அண்ணி, நான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் முடிவாயிற்று. கூரைக் கை இந்த இன்ஜினில் பொருத்தப்படவே இல்லை. இருந்தாலும் அது ஊட்டுவதற்குத்தான், ஓட்டுவதற்கு இல்லை. ஐந்தாவது இலக்கம் இரண்டு. செய்தித்தாள் ஓரங்களில் ஒரு வாரம் பழகிய கையெழுத்தை இலக்கம்மா பத்திரத்தில் போட்டாள். கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டாள். முத்திரைக்கு இடம் இல்லாமல் பக்கத்துக் கட்டத்தில் குத்த வேண்டியதாயிற்று.

கப்பல் வந்தது. இன்ஜின் தாழ்வான டிரெய்லர் லாரியில் ஏறித் துறைமுக முற்றத்தில் வந்து நின்றது. பரிசோதிக்க வந்த அதிகாரிக்கு ரூல்தடி என்று பெயர். ஆள் அவ்வளவு நேர். நடந்தாலும் நேர், உட்கார்ந்தாலும் நேர். தும்மும்போதுகூட வளையமாட்டார் என்று பேச்சு. இன்ஜினின் அடிப்பாகத்தைச் சக்கரம் தெரியாதபடி இரும்புத் தகடு மறைத்திருந்தது. ரூல்தடி பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். எண்ணினார். பெயர்த்தகட்டில் பொறித்ததைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தார். கூரையில் கை இல்லை என்பதை ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்.

"ஐந்தாவது இலக்கம் சரியா இருக்கும்மா. நிறையப் பேர் இதுல வழுக்கி விழுவாங்க" என்றார். பரிசோதனைத் தாளில் கையெழுத்திட்டார். டீ குடிக்க நேராக நடந்து போனார்.

இலக்கம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளும் ஒரு டீயும் பிஸ்கட்டுமாக முற்றத்தின் ஓரத்தில் நின்றாள். இன்ஜினை இறக்க கிரேன் வர வேண்டும், கிரேனுக்கு முன்னால் பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள். மேலாளரோடு கிடங்கின் ஓட்டுநரும் வந்திருந்தார். அந்த வண்டியை ஓட்டுவதற்கென்றே தயாரித்த இடத்துக்குப் போய் மூன்று வாரம் பயிற்சி எடுத்தவர். அதை இதுவரை ஒரு ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பார்.

"கிரேன் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் ஏறி ஒரு பொத்தானை அமுக்கினார்.

நாரை காலை நீட்டுவதுபோல, தகட்டுக்கு உள்ளேயிருந்து நான்கு ரப்பர் டயர்கள் மெல்லக் கீழே இறங்கின. இன்ஜின் ஒரு சாண் எழும்பியது. பிறகு சத்தமே இல்லாமல் டிரெய்லரின் சாய்தளத்தில் இறங்கித் தரைக்கு வந்து, தண்ணீர்க் குழாயைச் சுற்றி, நின்றிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து, இலக்கம்மாவின் முன்னால் வந்து நின்று ஒருமுறை ஹாரன் அடித்தது. மறுபடியும் சாய்தளத்தில் ஏறி, தன் இடத்தில் போய் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

பிஸ்கட் முறிந்து டீக்குள் விழுந்தது.

"எப்படி?" என்றார் மேலாளர் முகமெல்லாம் பல்லாக. "ரோட்லயும் போகும், தண்டவாளத்துலயும் போகும். எந்த லெவல் கிராசிங்ல வேணா நின்னு அப்படியே ஏறிக்கும்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? ஒன்பது நாள் பேட்டரியைத் தவிர வேற ஏதாவது கேட்டீங்களா? எனக்கே கனவுல பேட்டரி வந்துச்சும்மா."

அவர் சொன்னது நிஜம். அட்டவணையில் ஒரு குறிப்பு இருக்கிறது. சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும்படி செய்த வண்டி எண்பத்தாறில் வராது, எண்பத்தேழில் போய் சாலை வண்டிகளோடு உட்கார வேண்டும். அந்தக் குறிப்பு இலக்கம்மாவுக்குத் தலைகீழாகச் சொல்ல வரும். விளக்கப் புத்தகத்தின் அறுபத்தோராம் பக்கத்தில் 'எங்கும் தண்டவாளம் ஏறும்' என்று எழுதியிருந்ததையும் அவள் படித்தாள். விற்கிறவன் அளப்பு என்று புரட்டிவிட்டாள். ஐந்தாவது இலக்கத்துக்காக ஒன்பது நாள் மல்லுக்கட்டியவள் இரண்டாவது இலக்கத்தைக் கோட்டை விட்டிருந்தாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். இதைச் செய்ய இருபத்திரண்டு வருஷ அனுபவம் வேண்டும்.

"அதிகாரிதான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டாரே. இதோட விட்டுடுங்கம்மா. நாற்பது பெட்டி நிக்குது. மழை வந்தா கோதுமை பெட்டியிலயே முளைச்சிடும்" என்றார் மேலாளர் குரலைத் தாழ்த்தி.

இலக்கம்மா தள்ளிப் போய் வீட்டுக்கு போன் போட்டாள். எடுத்தது நாத்தனார். கதை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணி, அவர் சரின்னுட்டார். கண்டுபிடிச்சாதானே உரிமம் போகும்? தானா போய்க் கழுத்தை நீட்டுவாங்களா யாராவது?"

"நாளைக்கு இது கிடங்கு வாசல்ல லாரியோட லாரியா ரோட்ல போகும். அந்தப் பக்கம் ஒரு அதிகாரி வந்தா?"

"வந்தா பார்த்துக்கலாம். எத்தனை அதிகாரி கோதுமை பார்க்கப் போறான்?"

"சரி, யாரும் வரலேன்னே வச்சுக்க. எண் தப்பா இருக்கேடி."

"இருந்தா?"

"சோத்துல கல்லு கடிச்ச மாதிரி இருக்கு."

"துப்பிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் நாத்தனார். உடனே அவளே திருத்திக்கொண்டாள். "துப்பமாட்டீங்க. உங்களைத் தெரியாதா? போங்க, போய்த் தொலைங்க. ராத்திரிக்கு நான் சமைச்சிடறேன்."

ரூல்தடி கேன்டீனில் நேராக உட்கார்ந்திருந்தார். சுவரில் கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது.

"சார், பத்திரத்துல தப்பு இருக்கு. அது எண்பத்தாறு இல்ல, எண்பத்தேழு."

"எது?"

"இன்ஜின். ரோட்ல நடக்குது."

"இன்ஜின் நடக்காதும்மா."

"நடந்துச்சு சார். தண்ணிக் குழாய் வரைக்கும் போயிட்டு வந்துச்சு."

ரூல்தடி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க. இது உங்க பத்திரம். உங்க கையெழுத்து, அதுவும் இவ்வளவு பெருசா. நான் பரிசோதிச்சு சரின்னு சொல்றேன். நீங்க வந்து தப்புங்கறீங்க. அப்ப நான் பரிசோதிச்சது?"

"அதுவும் தப்பு சார்."

கேன்டீனில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. ஆட்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். இறக்குமதி முகவர் எண் சரி என்று கத்துவார், அதிகாரி தப்பு என்று கத்துவார். அந்தத் துறைமுகம் கட்டிய நாளாக வழக்கம் அதுதான். இங்கே தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. அரைமணி நேரம் ரூல்தடி எண்பத்தாறுக்காக வாதாடினார், இலக்கம்மா தன் எழுத்தையே எதிர்த்து எண்பத்தேழுக்காக வாதாடினாள். நடுவில் யாரோ இருவருக்கும் டீ வாங்கி வைத்தார்கள்.

"டயர் இருக்குன்னே வச்சுப்போம்" என்றார் கடைசியில். "லாரியில ஏத்தி இறக்க வச்ச சக்கரமா இருக்கலாம். யாராவது தள்ளினா உருளும். அதுக்குப் பேர் சாலையில ஓடறதா? தானா ஓடிக் காட்டச் சொல்லுங்க."

எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். ஓட்டுநர் ஏறினார். பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. கப்பலில் ஏற்றும்போது பேட்டரியில் கொஞ்சம்தான் சார்ஜ் வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் கொஞ்சத்தையும் காலை ஊர்வலத்தில் தீர்த்தாயிற்று.

மேலாளர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பார்த்தீங்களா சார், ஓடாத வண்டி."

"குளிர்பெட்டி வரிசையில பிளக் இருக்கு" என்றாள் இலக்கம்மா.

உறைந்த மீனும் இறைச்சியும் வருகிற பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்க முற்றத்தின் கோடியில் பெரிய பெரிய இணைப்புகள் இருந்தன. டிரெய்லரை அங்கே ஓட்டிப் போய் ஒன்றில் சொருகினார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் ஓட்டுநர். மேலாளர் அவர் காதில், "மெதுவாவே ஏறட்டும்" என்று ஓதியது இலக்கம்மாவுக்குக் கேட்டது.

அவளும் ரூல்தடியும் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிகளில் உட்கார்ந்தார்கள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? கீழ குனிஞ்சு பார்க்கலையா?"

ரூல்தடி சுற்றும் முற்றும் பார்த்தார். சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திறந்து காட்டினார். இடுப்பைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு பெல்ட். "முதுகுத்தண்டு. மூணு வருஷமா. டாக்டர் குனியவே கூடாதுன்னார். வெளியில சொல்லிடாதீங்கம்மா, எனக்கு நேர்மையானவன்னு ஒரு பேர் இருக்கு, அது பாதி இந்த பெல்ட்டாலதான்."

"எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு சார். நூத்தி நாற்பது பக்கம் படிச்சேன். நானும் குனியல."

இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கும்போதும் நேராகத்தான் இருந்தார். பிறகு இலக்கம்மா கேட்க வேண்டியதைக் கேட்டாள். "இப்ப அது ஓடினா, தப்பைக் கண்டுபிடிச்சது நீங்களா, நானா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "முதல்ல ஓடட்டும்" என்றார்.

சார்ஜ் ஏறியது. ஓட்டுநர் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் வானத்தைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஓட்டுநர் விரலை எடுத்துவிட்டு, "ஏதோ கோளாறு போல" என்றார்.

இலக்கம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ரூல்தடியிடம் சொல்லுவதுபோல, ஆனால் முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "விடுங்க சார். இதை ஓட்ட மூணு மாசமாவது பயிற்சி வேணுமாம். மூணு வாரத்துல என்ன தெரியும், பாவம்?"

அவ்வளவுதான். மேலாளர் தலையை ஆட்டி முடிப்பதற்குள் நான்கு டயரும் தரையில் இருந்தன. இன்ஜின் சாய்தளத்தில் இறங்கியது. குளிர்பெட்டிகளுக்கு நடுவே போனது, பின்பக்கமாக வந்தது, எட்டுப் போட்டது. கிரேனுக்காகக் காத்திருந்த பதினோரு பேரும் கை தட்டினார்கள். ஓட்டுநர் ஜன்னல் வழியாக ஒரு கையை வெளியே தொங்கவிட்டு, கல்யாண மாப்பிள்ளைபோல ஓட்டினார். கடைசியாக ரூல்தடியின் ஷூ நுனிக்கு இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்தினார். ரூல்தடி வளையாமலே பின்னால் நகர்ந்தார்.

"எண்பத்தேழு" என்றார்.

பரிசோதனைத் தாளை மரப்பெட்டிமேல் வைத்து, தான் எழுதியதைத் தானே ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் கீழே எழுத ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷமாக மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றே பழகிய இலக்கம்மாவுக்கு எந்த எழுத்தையும் தலைகீழாகப் படிக்க வரும். படித்தாள். 'அறிவித்தவர் தாமே முன்வந்து, பரிசோதனைக்குப் பின்,' என்று எழுதிப் பேனா நின்றது. 'பின்' என்று இருந்தால், பரிசோதனையில் மாட்டிய பிறகு ஒப்புக்கொண்டாள் என்றும் மேலிடத்தில் வாசிப்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

"மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்கம்மா. பார்த்துட்டு எப்படி சரின்னு போட்டேன்னு."

"கேப்பாங்க சார்."

"பெல்ட்டைக் காட்ட வேண்டியதுதான்" என்றார். அந்த வரியையும் அடித்தார். மறுபடி எழுதினார்: 'டயர் இருப்பதை நான் பார்க்கவில்லை. அறிவித்தவர் தாமே பதினொன்று நாற்பதுக்கு வந்து தப்பைச் சொன்ன பிறகே பார்த்தேன். இது தானாக முன்வந்து செய்த திருத்தம்.' தேதி போட்டார், கையெழுத்திட்டார், தாளை அவள் பக்கம் திருப்பினார். "தலைகீழா படிச்சுக் கழுத்து வலிச்சிருக்கும். நேராவே படிங்க."

இலக்கம்மா படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். தப்பு கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை.

பத்திரத்தைத் திருத்த ஒரு நாள் ஆகும் என்றதும் மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இவள் ஒன்பது நாள் என்று சொல்லாமல் போனாளே என்று கையை எடுத்துவிட்டார். புதுப் பத்திரத்தை எடுத்து, எண்பத்தேழு என்று எழுதி, கீழே கையெழுத்திடப் போன இலக்கம்மா நிறுத்தினாள். எழுந்து போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்ஜினுக்குக் கீழே முழங்கையை ஊன்றிக் குனிந்து ஒரு முழு நிமிஷம் பார்த்தாள். வெளியே வந்து ஓட்டுநரைக் கூப்பிட்டாள்.

"இது ரோட்ல போகும், தண்டவாளத்துல போகும். வேற எங்கயாவது போகுமா?"

"வேற எங்கம்மா போகும்?"

"நான் கேக்கலேன்னு அப்புறம் சொல்லக்கூடாது. பறக்குமா?"

"பறக்காது."

"தண்ணியில மிதக்குமா?"

ஓட்டுநர் ஒரு கணம் யோசித்தார். இன்ஜினைப் பார்த்தார், முற்றத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த கடலைப் பார்த்தார். "பயிற்சியில அதைச் சொல்லித் தரல. வேணும்னா இறக்கிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்" என்று மேலாளரும் ரூல்தடியும் ஒரே குரலில் சொன்னார்கள். இலக்கம்மா கையெழுத்திட்டாள், இந்த முறை முத்திரைக்கு இடம் விட்டு.